பேப்பர் இல்லாத க்ளையன்ட் வந்தா என்ன செய்யணும்: புது சோஷியல் வொர்க்கருக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

அமெரிக்காவுல எம்எஸ்டபிள்யூ (சோஷியல் வொர்க் மாஸ்டர்ஸ்) படிச்சிக்கிட்டே ஃபீல்டு பிளேஸ்மென்ட்டுக்கு (ஏஜென்சில நேரடிப் பயிற்சி) போற நம்ம பசங்க அடிக்கடி கேக்குற கேள்வி, "க்ளையன்ட்டுக்கு பேப்பர் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு, இப்ப நான் யார்கிட்டயாவது ரிப்போர்ட் பண்ணணுமா?" பேப்பர் (அமெரிக்காவுல சட்டப்படி தங்குறதுக்கான ஆவணம்) இல்லங்கிறதுக்காக மட்டும் பொதுவா யாரையும் ரிப்போர்ட் பண்ண வேண்டியதில்ல, சில அரசு ஆபீஸ்களுக்கு மட்டும் ரூல் வேற, அது ஸ்டெப் 1ல வரும். குழந்தைய அடிக்கிறாங்கன்னா யாரா இருந்தாலும் ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும், அது வேற. என்ஏஎஸ்டபிள்யூ (அமெரிக்க சோஷியல் வொர்க்கர்கள் சங்கம்) எத்திக்ஸ் கோட்ல 2008லயே இமிக்ரேஷன் ஸ்டேட்டஸை வச்சு பாகுபாடு காட்டக்கூடாதுன்னு சேர்த்துட்டாங்க, அதோட 4.02 பிரிவுல பாருங்க. ஆனா அதைப் படிச்சவங்க கூட நல்ல மனசோட ஃபைல்ல எழுதுற ஒரு வரியால ஒரு குடும்பத்த ஆபத்துல மாட்டி விட்ரலாம், அதனாலதான் இதை எழுதுறேன்.

ஸ்டெப் 1: கேக்கணுமான்னு முதல்ல யோசிங்க

ஃபுட் பேன்ட்ரிக்கு (இலவசமா சாப்பாட்டுப் பொருள் குடுக்குற இடம்) வந்தவங்ககிட்ட ஸ்டேட்டஸ் எதுக்கு? கோட்ல 1.07 இதைத்தான் சொல்லுது, தகுந்த காரணம் இல்லாம தனிப்பட்ட விஷயத்த தோண்டாதீங்கன்னு. லாப நோக்கமில்லாத சாரிட்டிகள் ஸ்டேட்டஸை வெரிஃபை பண்ணணும்னு கட்டாயம் இல்லன்னு 1996 வெல்ஃபேர் சட்டத்துலயே விலக்கு இருக்கு. ஆனா அதே சட்டம் சில அரசு ஆபீஸ்களுக்கு ரிப்போர்ட்டிங் கடமையும் வச்சிருக்கு, அதனால நீங்க வேலை பார்க்குற இடம் எந்த வகைன்னு முதல் வாரமே சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வச்சிக்கோங்க. க்ளையன்ட் முதல்ல வரும்போது நிரப்புற இன்டேக் ஃபார்ம்ல தேவையில்லாம "சிட்டிசனா?"ன்னு ஒரு பாக்ஸ் இருந்தா அதை எடுக்கச் சொல்லி மீட்டிங்ல பேசுங்க, ஸ்டூடன்ட்டா இருந்தாலும் பேசலாம்.

ஸ்டெப் 2: நோட்ஸ் எழுதுறது

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். கோட்ல 3.04 என்ன சொல்லுதுன்னா, சர்வீஸுக்கு நேரடியா சம்பந்தப்பட்டது மட்டும்தான் ரெக்கார்டுல இருக்கணும். ஒரு அம்மா வந்து டிப்ரெஷன் பத்தி பேசுறாங்க, நடுவுல எப்படி வந்தோம்னு சொல்லி அழுறாங்கன்னு வைங்க. புதுசா வர்றவங்க இப்படி எழுதுவாங்க:

"க்ளையன்ட் விசா இல்லாமல் பார்டர் தாண்டி வந்தவர், வேறொருவர் சோஷியல் செக்யூரிட்டி நம்பரில் வேலை செய்கிறார், பிடிபடுவோம் என்று பயப்படுகிறார்."

இதையே இப்படி எழுதலாம்:

"குடும்பத்தைப் பிரிய நேருமோ என்ற கவலையால் தூக்கமின்மை, பசியின்மை. இன்சூரன்ஸ் இல்லை. கட்டணம் குறைவான கிளினிக்குக்கு ரெஃபர் செய்யப்பட்டது."

ட்ரீட்மென்ட்டுக்கு வேணுங்கிறது ரெண்டாவதுலயே இருக்கு, பொய்யும் ஒண்ணும் இல்ல. ஏற்கனவே எழுதினத அப்புறம் அழிக்கிறது, மாத்துறது மட்டும் கூடவே கூடாது, அது சட்டப்படியே பிரச்சனை, அதனாலதான் எழுதும்போதே நிதானமா எழுதணும். இமெயில், டீம் சாட், பக்கத்து டெஸ்க்கோட பேச்சு எல்லாத்துக்கும் இதே ரூல்தான்.

ஸ்டெப் 3: எது வரைக்கும் ரகசியம்னு முன்னாடியே சொல்லிடுங்க

"பயப்படாதீங்க, இங்க சொல்றது வெளிய போகவே போகாது"ன்னு வாக்கு குடுக்காதீங்க. கோர்ட் ஆர்டர் வரலாம், ஆவணம் கேட்டு சப்பீனா வரலாம் (வந்தா உடனே ஃபைல எடுத்துக் குடுக்காம ஏஜென்சி வக்கீல்கிட்ட போகணும்). 2025ல மெடிக்கெய்ட் (வருமானம் கம்மியானவங்களுக்கான அரசு ஹெல்த் இன்சூரன்ஸ்) டேட்டாவ, இமிக்ரேஷன் அமலாக்கத்தைப் பார்க்குற ஹோம்லேண்ட் செக்யூரிட்டி துறைக்கு குடுத்தாங்கன்னு கலிஃபோர்னியா உட்பட பல மாநிலங்கள் கேஸ் போட்டது, ஹெல்த் டேட்டா அந்தப் பக்கம் போகவே போகாதுன்னு நம்பிக்கிட்டு இருந்த ஆளுங்களுக்கு அது பெரிய அடி. அதனால ஒரு அரசு உதவிக்கு அப்ளிகேஷன் போடணுமா வேணாமான்னு க்ளையன்ட் கேட்டா, என்ன கிடைக்கும், என்ன ரிஸ்க், ரெண்டையும் சொல்லிட்டு முடிவ அவங்ககிட்ட விடுங்க.

ஸ்டெப் 4: என்ன கிடைக்கும்னு தெரிஞ்சு வச்சிக்கோங்க

ஸ்கூல்: 1982 சுப்ரீம் கோர்ட் ப்ளைலர் தீர்ப்புப்படி ஸ்டேட்டஸ் இல்லன்னு எந்தப் பிள்ளையையும் பப்ளிக் ஸ்கூல்ல சேர்க்க மாட்டேன்னு சொல்ல முடியாது. எமர்ஜென்சி: 1986 எம்டாலா சட்டப்படி மெடிக்கேர் (முக்கியமா வயசானவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) ஏத்துக்குற ஆஸ்பத்திரில எமர்ஜென்சி ரூம் இருந்தா யாரா இருந்தாலும் பார்த்துத்தான் ஆகணும். மத்தது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ரூல்ஸும் அடிக்கடி மாறுது, போன வருஷ ஹேண்ட்அவுட்ட நம்பி ரெஃபர் பண்ணாதீங்க.

ஸ்டெப் 5: இன்டர்பிரெட்டர்

பத்து வயசுப் பொண்ண உக்கார வச்சு அவ அம்மா வாங்கின அடியப் பத்தி மொழிபெயர்க்கச் சொல்றது கொடுமை, நேரம் இல்லன்னாலும் அதைச் செய்யாதீங்க, போன் இன்டர்பிரெட்டர் கேளுங்க. தமிழ் க்ளையன்ட் வந்தா நம்மளே பேசிடலாம்னு தோணும், ஆனா ஊர்ல அவங்க சொந்தக்காரங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கலாம், அவங்களுக்கு சம்மதமான்னு முதல்ல கேளுங்க.

ஸ்டெப் 6: வக்கீல் வேலைய நீங்க பார்க்காதீங்க, ஆனா சீக்கிரம் அனுப்புங்க

எந்த ஃபார்ம் போடணும், ஜெயிக்குமான்னு சொல்றது லீகல் அட்வைஸ். அதை வக்கீலோ, ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் அங்கீகாரம் குடுத்த ரெப்ரசென்டேட்டிவோதான் சொல்லணும், நோட்டரி போர்டு மாட்டி காசு பிடுங்குறவங்ககிட்ட க்ளையன்ட் போயிடாம பாத்துக்கோங்க. உங்க வேலை அடையாளம் கண்டுபிடிக்கிறது. குற்றத்தால பாதிக்கப்பட்டு போலீஸுக்கு உதவினாங்களா, யு விசா இருக்கலாம் (வருஷத்துக்கு 10,000தான், அதனால க்யூ ரொம்ப நீளம்). அடிக்கிற புருஷன் சிட்டிசனோ கிரீன் கார்டுகாரரோவா, வாவா (பெண்கள் மேல நடக்குற வன்முறைக்கு எதிரான சட்டம்) படி அவங்களே தனியா மனு போடலாம். 21 வயசுக்குக் கீழ, கல்யாணம் ஆகல, அப்பா அம்மா கைவிட்டாங்களா, அதுக்கும் ஒரு வழி இருக்கு. அசைலம்னா (சொந்த ஊர்ல ஆபத்துன்னு அடைக்கலம் கேக்குறது) வந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும், விதிவிலக்கு ரொம்பக் கம்மி.

2017ல மெக்சிகோ பார்டர் தாண்டி வந்த ஒரு இலங்கைத் தமிழர் கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. ஊர்ல ஆளுங்க தூக்கிட்டுப் போய் அடிச்சாங்க, யாருன்னு தெரியலன்னு அசைலம் இன்டர்வியூல சொன்னார், ஆபீசர் தள்ளிட்டார், அதை ஃபெடரல் கோர்ட்ல அவர் கேக்க முடியாதுன்னு 2020ல தீர்ப்பு. இன்டர்வியூக்கு முன்னாடியே வக்கீல் கிடைக்கிறது எவ்வளவு முக்கியம்னு இதுல புரியும்.

ஸ்டெப் 7: ஐஸ் (இமிக்ரேஷன் சட்டத்த மீறினவங்கள பிடிக்கிற ஏஜென்சி) ஆபீசர் வாசல்ல நின்னா

கையில இருக்குற பேப்பர வாங்கிப் பாருங்க. மேல கோர்ட் பேரும் கீழ ஜட்ஜ் கையெழுத்தும் இருந்தா அது ஜுடிஷியல் வாரன்ட். ஹோம்லேண்ட் செக்யூரிட்டின்னு போட்டு இமிக்ரேஷன் ஆபீசர் கையெழுத்து மட்டும்னா, பொதுவா அதை வச்சு பப்ளிக் வராத உள்ரூமுக்குள்ள சம்மதம் இல்லாம நுழைய முடியாது. ஆனா பேச வேண்டியது ஏஜென்சி நியமிச்ச ஆள்தான், நீங்க இல்ல, அதுவும் நீங்களே எஃப்-1 ஸ்டூடன்ட் விசால இருந்தா கண்டிப்பா இல்ல. பொய் சொல்லாதீங்க, யாரையும் ஒளிச்சு வைக்காதீங்க. ஸ்கூல், ஆஸ்பத்திரி, சர்ச் பக்கம் வரமாட்டோம்னு 2011ல இருந்து இருந்த கொள்கைய 2025 ஜனவரில எடுத்துட்டாங்க, அதனால இதை ஸ்டாஃப் எல்லாரும் ஒரு தடவை நடிச்சுப் பார்த்துடறது நல்லது.

ஸ்டெப் 8: குடும்ப பிளான்

அப்பா அம்மா பிடிபட்டா ஸ்கூல்ல இருந்து பிள்ளைய யார் கூட்டிட்டு வருவாங்க, எமர்ஜென்சி கான்டாக்ட்ல அவங்க பேர் இருக்கா, மருந்து லிஸ்ட் எங்க இருக்கு, இதெல்லாம் க்ளையன்ட்டோட உக்காந்து எழுதுங்க. எழுதின பேப்பர் அவங்க வீட்லயே இருக்கட்டும், உங்க ஃபைல்ல காப்பி வேணாம். ஏ-நம்பர் (இமிக்ரேஷன் துறை ஒவ்வொருத்தருக்கும் குடுக்குற நம்பர்) இருந்தா நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட குடுத்து வைக்கச் சொல்லுங்க, ஐஸ் லொகேட்டர்ல (பிடிச்சு வச்சவங்கள தேடுற வெப்சைட்) ஆள தேட அதுவும் பிறந்த நாடும் போதும். நம்பர் இல்லன்னா பேர வச்சும் தேடலாம், ஆனா ஸ்பெல்லிங் அவங்க ரெக்கார்டுல இருக்குற மாதிரியே இருக்கணும், இனிஷியல் எந்தப் பக்கம் போட்டாங்கன்னு தெரியாத நம்ம பேருக்கெல்லாம் அது ரொம்ப கஷ்டம். 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க அந்த லொகேட்டர்ல வரவே மாட்டாங்க.