மெஷின் மேல் பழி போடுவதற்கு முன்: ஸ்டாண்டர்டில் நாம் செய்யும் தவறுகள்

லேபில் சேர்ந்த புதிதில் நடந்தது. மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தேன். உள்ளே 25 மில்லிகிராம் வெள்ளைப் பொடி, விலையைச் சொன்னால் மயக்கம் வரும். இதுதான் ஸ்டாண்டர்டு: சாம்பிளில் ஒரு சேர்மம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, ஒப்பிட்டுப் பார்க்கும் பொருள். அவசரத்தில் அப்படியே மூடியைத் திறந்து, கொஞ்சம் எடுத்துத் தராசில் வைத்தேன். 10.02 மில்லிகிராம் என்று காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 10.05 ஆனது, அப்புறம் 10.09. "சார், தராசு டிரிஃப்ட் ஆகுது" என்றேன். சீனியர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தராசு சரியாத்தான் இருக்கு. அது சென்னைக் காத்தை எடை போட்டுக்கிட்டிருக்கு."

குளிர்ந்த குப்பியைத் திறந்ததும் காற்றின் ஈரம் பொடியின் மேல் படிந்துவிடுகிறது. நான் மருந்து என்று நினைத்து எடை போட்டதில் ஒரு பங்கு தண்ணீர். அதில் கரைசல் செய்தால், லேபிளில் எழுதியதைவிட அது நீர்த்திருக்கும். அதை வைத்து அளக்கும் சாம்பிள் எல்லாம் உண்மையைவிடக் கூடுதலாக வரும். அந்தக் கரைசலை மெஷினுக்குள் பத்து முறை ஊசி போட்டாலும் பத்தும் ஒரே மாதிரிதான் வரும், ஏனென்றால் பத்துக்கும் அடித்தளம் அதே தவறான கரைசல். திரும்பத் திரும்ப ஒரே எண் வருவதும் அந்த எண் சரியாக இருப்பதும் வேறு வேறு. குப்பி அறை வெப்பநிலைக்கு வரும்வரை டெசிகேட்டர் என்ற ஈரம் புகாத பாத்திரத்தில் மூடியபடி வைத்திருந்தால் போதும், இந்தப் பிரச்சினை வந்திருக்காது.

பூச்சிமருந்து எச்சம், வைட்டமின், ஹார்மோன், சாயம் என்று எந்தக் கரிமச் சேர்மத்தை அளந்தாலும் கதை இதுதான். முடிவு தப்பாகப் போனால் முதலில் எல்.சி.எம்.எஸ். (சேர்மங்களைப் பிரித்து, எடையை வைத்து அடையாளம் காணும் மெஷின்) மேல்தான் சந்தேகம் விழுகிறது. என் அனுபவத்தில் மெஷின் பெரும்பாலும் நிரபராதி.

அடுத்து, பாட்டிலில் ஒட்டியிருக்கும் "தூய்மை 99.6%" என்ற வரி. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் எச்.பி.எல்.சி. (கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் முறை) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், யு.வி. (புற ஊதா ஒளி) டிடெக்டர் கண்ணுக்குப் பட்ட பொருள்களுக்குள் இந்தச் சேர்மத்தின் பீக், அதாவது வரைபடத்தில் அதன் மேடு, 99.6 சதவீதம் என்றுதான் அர்த்தம். தண்ணீருக்கு யு.வி.யில் பீக் கிடையாது. உப்புக்கும் கிடையாது. தயாரிக்கும்போது தங்கிப்போன கரைப்பானும் பெரும்பாலும் தெரியாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கார்ல் ஃபிஷர் என்ற ஈரம் அளக்கும் சோதனையில் 4.1%, மிச்சக் கரைப்பான் 0.8%, எரித்த பின் சாம்பல் 0.2% என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-லிருந்து இவற்றைக் கழித்தால் 94.9. அதை 0.996-ஆல் பெருக்கினால் 94.5. அதாவது 99.6 என்று நம்பி எடை போட்டவர் ஐந்து சதவீதப் பிழையோடுதான் வேலையையே தொடங்குகிறார்.

இப்படிக் கழித்துக் கண்டுபிடிப்பதற்கு மாஸ் பேலன்ஸ் முறை என்று பெயர். மற்றொரு வழி, குவான்டிடேட்டிவ் என்.எம்.ஆர்., அதாவது காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சிக்னலை வைத்து அளப்பது. ஏற்கெனவே தூய்மை தெரிந்த ஒரு பொருளோடு சேர்த்துக் கரைத்து, இரண்டின் புரோட்டான் சிக்னல்களையும் ஒப்பிடுவது. அமெரிக்காவின் நிஸ்ட் என்ற அளவியல் நிறுவனம் இதற்கென்றே பி.எஸ்.1 என்ற பென்சாயிக் அமிலத்தைத் தருகிறது. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு அவசரம். மெஷின் அனுப்பும் ஒவ்வொரு ரேடியோ அலைப் பல்ஸுக்கும் நடுவே புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் வேண்டும். டி1 என்று சொல்லும் தளர்வு நேரத்தைப் போல் குறைந்தது ஐந்து மடங்காவது காத்திருக்க வேண்டும். மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்க வழக்கமாக ஓட்டும் புரோகிராமையே இதற்கும் ஓட்டினால், மெதுவாகத் தளரும் சிக்னல் சிறுத்துக் காட்டும். ஸ்பெக்ட்ரம் என்னவோ அழகாகத்தான் இருக்கும். எண் மட்டும் பொய். இரண்டு முறைகளையும் செய்து பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் எனக்கு நிம்மதி.

உப்பையும் நீரேற்றத்தையும் மறப்பது இதன் தம்பி. அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மூன்று தண்ணீர் மூலக்கூறுகளோடு சேர்ந்திருப்பதுதான் டிரைஹைட்ரேட்; அதன் மூலக்கூறு எடை 419.4, அமாக்சிசிலின் மட்டும் என்றால் 365.4. நூறு மில்லிகிராம் டிரைஹைட்ரேட் எடுத்தால் உள்ளே 87 மில்லிகிராம்தான் சரக்கு. மறந்தால் 13 சதவீதம் அவுட்.

சரி, ஸ்டாண்டர்டு சரியாக இருக்கிறது. இப்போது எதை அளக்கிறோம்? கேள்வி சில்லறையாகத் தெரியலாம். பாலில் புரதம் அளக்க உலகம் முழுக்க நம்பிய கெல்டால் முறை, 1883-ல் கோபன்ஹேகனில் ஜோஹன் கெல்டால் கொடுத்தது. அது அளப்பது புரதத்தை அல்ல, நைட்ரஜனை. கிடைத்த நைட்ரஜனை பாலுக்கு 6.38-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதிக்கொள்கிறோம். மெலமைனில் எடைக்கு எடை 66.6% நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைன் போட்டால் ரிப்போர்ட்டில் நாலேகால் கிராம் புரதம் வரும். 2008-ல் சீனாவில் பால் கலப்படக்காரர்கள் பிடித்த ஓட்டை இதுதான். ஆறு குழந்தைகள் இறந்தார்கள், கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். கெல்டால் கருவி எதுவும் பழுதாகவில்லை. கேட்ட கேள்விக்கு அது ஒழுங்காகப் பதில் சொன்னது, கேள்விதான் தப்பு.

நம் ஊர் எள்ளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2020-ல் இந்தியாவிலிருந்து போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநாசினி வாயு இருப்பதாக ஐரோப்பாவில் பெரிய ரகளையானது. எத்திலீன் ஆக்சைடு எள்ளில் அப்படியே உட்கார்ந்திருக்காது. பெரும்பகுதி 2-குளோரோஎத்தனாலாக மாறிவிடும். அதனால் ஐரோப்பிய விதிப்படி இரண்டையும் கூட்டி, எத்திலீன் ஆக்சைடாகக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். எள்ளுக்கு வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். எத்திலீன் ஆக்சைடை மட்டும் தேடுகிறவருக்கு "இல்லை" என்று வரும். குளோரோஎத்தனால் 0.08 இருக்கிறது என்றால் அதை அப்படியே எழுதுகிறவர் தேறிய சரக்கை ஃபெயில் ஆக்கிவிடுவார், ஏனென்றால் 0.55-ஆல் பெருக்கினால் அது 0.044தான். ஒரே எள், ஒரே மெஷின், இரண்டு வகைத் தவறு. மெத்தடை எழுதும் முன்பு அளக்க வேண்டியது எது, எந்த வடிவில், எந்த அலகில், ஈரத்தோடா உலர்ந்த எடைக்கா என்று ஒரு வரியில் எழுதி வைப்பது வீண் வேலை இல்லை.

இந்த வகையில் எனக்குப் பிடித்த உதாரணம் வைட்டமின் டி. உடம்பில் வைட்டமின் டி எவ்வளவு என்று தெரிய ரத்தத்தில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி3 அளக்கும்போது 3-எபி என்ற இரட்டைப் பிறவி ஒன்று கூடவே வரும். அணுக்கள் எல்லாம் அதே, எடையும் அதே, ஒரே ஒரு கார்பனில் ஓ.எச். திரும்பியிருக்கும் திசை மட்டும் வேறு. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எடையைத்தான் பார்க்கும் என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். சேர்மங்களைப் பிரிக்கும் குழாயை காலம் (column) என்பார்கள்; சாதாரண சி18 வகைக் காலம் இரண்டையும் பிரிப்பதில்லை, பிரிக்க வேறு வகை வேண்டும். கைக்குழந்தைகளின் ரத்தத்தில் 3-எபி அதிகம், ஆக குழந்தைக்கு வைட்டமின் டி போதுமானது என்று ரிப்போர்ட் சொல்லும், உண்மையில் குறைவாக இருக்கலாம். "மாஸ் ஸ்பெக் போட்டாச்சு, இனி சந்தேகமே இல்லை" என்கிறவர்களிடம் நான் இதைத்தான் எடுத்து வைப்பேன்.

இதே வைட்டமின் டி-க்கு நிஸ்ட் 2009-ல் எஸ்.ஆர்.எம். 972 என்ற சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) வெளியிட்டது. சான்றிதழோடு வரும் இத்தகைய ஒப்பீட்டுப் பொருளைத்தான் லேபில் சி.ஆர்.எம். என்கிறோம். நான்கு அளவுகளில் வந்தது. அளவைக் குறைக்க ஒன்றில் குதிரை சீரம் கலந்தார்கள், வேறொன்றில் 3-எபியை வெளியிலிருந்து சேர்த்தார்கள். மாஸ் ஸ்பெக் முறைகளுக்கு இது ஒத்துப்போனது. ஆன்டிபாடியை வைத்து அளக்கும் கிட்டுகளில் சிக்கல் வந்தது, ஏனென்றால் அவை மனித சீரத்துக்குப் பழகியவை. வைட்டமினைக் கட்டிப் பிடித்திருக்கும் புரதம் மாறினாலே அவற்றின் கணக்கு மாறும். ஒப்பீட்டுப் பொருள் நோயாளியின் சாம்பிள் போலவே எல்லா முறைகளிலும் நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு கம்யூட்டபிலிட்டி என்று பெயர். பின்னால் வந்த 972ஏ-வில் குதிரை இல்லை. இவ்வளவு பெரிய இடத்திலேயே திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது என்பது எனக்கு ஒரு வகையில் ஆறுதல்.

இப்போது ஐசோடோப் டைல்யூஷன். அளக்க வேண்டிய சேர்மத்தின் கனமான பிரதியை, அதாவது கார்பன்-13 அல்லது டியூட்டீரியம் போட்டதை, சாம்பிளில் தெரிந்த அளவு கலந்து விகிதத்தைப் பார்ப்பது. வழியில் பாதி போனாலும் இரண்டும் சேர்ந்துதான் போகும், விகிதம் மாறாது. இந்தத் துறையின் தங்க முறை என்பார்கள், நியாயம்தான். ஆனால் பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, ஊசி போடும் முன் லேபிளை, அதாவது அந்தக் கனமான பிரதியை, சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் இழந்ததை அந்த லேபிள் எப்படிச் சொல்லும்? தொடக்கத்திலேயே சேர்த்து, சாம்பிளோடு ஊறிக் கலக்க நேரமும் கொடுக்க வேண்டும்.

டியூட்டீரியத்தை எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஆக்சிஜன், நைட்ரஜன் மேல் இருந்தால் தண்ணீரைப் பார்த்ததும் இடம் மாறிவிடும். மாறாவிட்டாலும் சி18-ல் டியூட்டீரியம் போட்டது கொஞ்சம் முந்தி வந்துவிடும். அந்த இடைவெளியில் சாம்பிளின் அழுக்கு வேறாக இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி அடி வாங்காது. காசு இருந்தால் கார்பன்-13 வாங்குங்கள். இன்னொன்று, லேபிளுக்குள்ளேயே லேபிள் போடாத சேர்மம் கொஞ்சம் இருக்கும். ஆயிரம் நானோகிராம் லேபிள் சேர்த்து, அதில் 0.3% சாதாரணச் சேர்மம் என்றால் 3 நானோகிராம் நாமே போட்டுவிட்டோம். சாம்பிளில் இருப்பதே 5 என்றால் முடிந்தது கதை. லேபிள் மட்டும் போட்ட வெற்று சாம்பிளை ஓட்டினால் இது உடனே தெரிந்துவிடும்.

அழுக்கு என்றதும் மிளகாய்த்தூள் ஞாபகம் வருகிறது. 2003-ல் இந்திய மிளகாயில் சூடான் 1 சாயம் இருந்ததாக பிரான்ஸில் கண்டுபிடித்த பிறகு, இதைச் சோதிக்காத மசாலா லேபே இல்லை. எண்ணெய், நிறமி, காரம் எல்லாம் சேர்ந்து மாஸ் ஸ்பெக்கில் நடக்கும் அயனாக்கத்தை, அதாவது மூலக்கூறு மின்னேற்றம் பெறுவதை, அமுக்கிவிடும். அசிட்டோநைட்ரைலில் கரைத்த ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டால் சாம்பிளில் இருப்பது குறைவாகத்தான் தெரியும். சாயமே இல்லாத மிளகாயின் சாற்றில் ஸ்டாண்டர்டைக் கலந்து பாருங்கள், வித்தியாசம் கண்முன் நிற்கும். அப்புறம், சோதனைக்காக நாமே தெரிந்த அளவு மேலே தெளித்த ஸ்பைக் 98% திரும்பக் கிடைத்தது என்று மகிழ்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. தூளின் மேல் இப்போது ஊற்றியது சுலபமாகக் கழன்று வரும். மாதக்கணக்கில் உள்ளே ஊறியது அப்படி வராது. இயற்கையாகவே அந்தப் பொருள் உள்ள சி.ஆர்.எம். தேவைப்படுவது இதற்குத்தான்.

அது கிடைக்காவிட்டால் நாமே ஒரு கண்ட்ரோல் பொருள் செய்துகொள்ளலாம். அரைத்து, சலித்து, கலக்கி, பாட்டில்களில் நிரப்பி ஃப்ரீசரில் வைப்பதுதான் வேலை. தவறு, பாட்டில்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும்போது நடக்கிறது. முதலில் நிரப்பிய பத்து பாட்டிலை எடுத்துச் சோதித்துவிட்டு "எல்லாம் ஒன்றுதான்" என்று எழுதிவிடுகிறோம். பாத்திரம் ஆட ஆட நுண்தூள் கீழே இறங்கும், அதனால் கடைசி பாட்டில் வேறு சரக்காக இருக்கலாம். நிரப்பிய வரிசை முழுவதிலிருந்தும் பத்துக்குக் குறையாமல் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்து, வரிசையைக் கலைத்து ஓட்டுங்கள். நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை விஷம் என்றால் இன்னும் மோசம். மூட்டையில் ஒன்றிரண்டு பருப்பில் மட்டும் விஷம் குவிந்திருக்கும். ஐரோப்பிய விதிகள் பெரிய லாட்டுக்கு 20 கிலோ மாதிரி கேட்பதற்குக் காரணம் அதுதான். கால் கிலோ பாக்கெட்டில் வந்த கடலையை மூன்று தசம இடம் வரை அளந்து கொடுப்பது வேடிக்கை.

கண்ணாடிப் பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. சில பிளாஸ்குகளில் 20 டிகிரி என்றும், நம் ஊர்த் தயாரிப்புகளில் 27 என்றும் அச்சிட்டிருக்கும். மெத்தனால் ஒரு டிகிரிக்கு 0.1 சதவீதத்துக்கு மேல் விரியும். ஏசி அறையில் 21 டிகிரியில் செய்த கரைசலை 31 டிகிரியில் பிப்பெட் செய்தால் ஒரு சதவீதத்துக்கு மேல் காணாமல் போகும். கரைசலையும் எடை போட்டே தயாரித்தால் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக, சி.ஆர்.எம். சான்றிதழ். மதிப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கிறோம். குறைந்தபட்சம் இத்தனை கிராம் எடு என்று அதில் இருக்கும். அரை கிராம் என்று சொன்னால் 50 மில்லிகிராமுக்கு அந்த உத்தரவாதம் செல்லாது. சில எண்கள் சான்றளித்தவை, சில வெறும் தகவலுக்கு. உலர்ந்த எடைக்குக் கொடுத்த மதிப்பை ஈரத்தோடு ஒப்பிடுவதும் சகஜம். கேலிபரேஷனுக்கு எடுத்த அதே பாட்டிலைச் சரிபார்க்கவும் எடுத்தால், நம் பதிலை நாமே திருத்திக்கொள்வது மாதிரி.

ஒப்பிடும்போது இரண்டு பக்க நிச்சயமின்மையும் (± போட்டு எழுதும் எண்) கணக்கில் வர வேண்டும். சான்றிதழில் 50.0 ± 3.0, நமக்கு வந்தது 45.5 ± 4.0, இரண்டுமே கே=2, அதாவது சுமார் 95% நம்பிக்கையில் சொன்னவை, என்று வையுங்கள். வித்தியாசம் 4.5. மூன்றையும் நான்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 5. 4.5 அதற்குள் இருக்கிறது, ஆக முறையில் குறை என்று சொல்ல ஆதாரம் இல்லை. இதைப் பார்க்காமல் "9 சதவீதம் குறைகிறது" என்று பதறி, எல்லா சாம்பிளையும் 1.1-ஆல் பெருக்கிவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். அடுத்த மாதம் வேறொரு சி.ஆர்.எம். ஓட்டினார். அது 8 சதவீதம் கூடுதலாக வந்தது.