கைக்கொன்சோல் கடையை ஸ்கிரிப்டால் அலசும்போது சறுக்கும் இடங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரே வீட்டில் இரண்டு நின்டெண்டோ 3டிஎஸ் (கையில் வைத்து கேம் விளையாடுகிற கொன்சோல்) இருந்தால், அநேகமாக ஒன்று லண்டன் சித்தப்பா கொண்டு வந்தது, மற்றது கனடா மாமி கொண்டு வந்தது. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் லண்டன் கொன்சோலில் கனடா காட்ரிஜைப் போட்டால் ஓடாது, ஒன்லைன் கடை இருந்த காலத்தில் அதைத் திறந்தாலும் இரண்டிலும் வேறு வேறு பட்டியல், வேறு விலை. கடையின் பட்டியலைத் தானாக இறக்கி எண்ணிப் பார்க்க ஸ்கிரிப்ட் (சின்னக் கணினி நிரல்) எழுதி அலச நினைக்கிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். ‘கடை’ என்று ஒன்று கிடையாது, நாட்டுக்கு ஒரு கடை இருக்கிறது.

2022 பெப்ரவரியில் 3டிஎஸ் கடையை அடுத்த ஆண்டு மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தபோது, எதை வாங்கி வைக்கலாம் என்று பார்க்க நானும் ஒரு பைதன் ஸ்கிரிப்டோடு உட்கார்ந்தேன். கடை 2023 மார்ச் 27 இல் மூடிவிட்டது (ஏற்கனவே வாங்கியதை அதற்குப் பிறகும் இறக்க முடிந்தது, புதிதாக வாங்க மட்டும்தான் முடியாமல் போனது). அன்று நான் விட்ட பிழைகளையே இன்று நின்டெண்டோவின் அடுத்த கொன்சோலான ஸ்விட்சின் கடையை அலசுகிற தம்பிமாரும் விடுகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. மடிக்கணினி பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் ரவுட்டர் நின்றுவிட்டது. ‘பிழை வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போ’ என்று நான் எழுதியிருந்ததால் ஸ்கிரிப்ட் ஒரு முறைப்பாடும் இல்லாமல் பக்கம் பக்கமாகத் தாண்டிப் போய், கடைசியில் ‘முடிந்தது’ என்று காட்டியது. நடுவில் நான்கு பக்கங்கள் முழுசாக இல்லை. அது எனக்குத் தெரியவந்ததே இரண்டு நாள் கழித்து, கண்ணுக்குத் தெரிந்த ஒரு கேம் பட்டியலில் இல்லையே என்று தேடியபோதுதான். சத்தமில்லாமல் பிழையை விழுங்குகிற ஸ்கிரிப்டை எழுதவே கூடாது. ஒரு பக்கம் வரவில்லை என்றால் பொறுத்துத் திரும்பக் கேட்க வேண்டும், மூன்று நான்கு தரம் கேட்டும் வராவிட்டால் நின்றுவிட வேண்டும். சேர்வர் மொத்தம் எத்தனை என்று ஒரு எண் தந்தால், கடைசியில் உங்கள் பட்டியல் அந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, வந்த பதிலை அப்படியே, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், பக்கத்துக்கு ஒரு பைலாக டிஸ்க்கில் சேமித்துவிட்டு, அலசுவதை வேறு ஸ்கிரிப்டில் செய்யுங்கள். பலர் இறக்குவதையும் அலசுவதையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, கணக்கில் ஒரு வரியைத் திருத்த ஒவ்வொரு முறையும் முழுக் கடையையும் திரும்ப இறக்குகிறார்கள். டேட்டாவும் வீண், சேர்வருக்கும் பாரம். சேர்வர் 429 என்று பதில் தந்தால் ‘மிக வேகமாகக் கேட்கிறாய், கொஞ்சம் பொறு’ என்று அர்த்தம், அந்த நேரத்தில் இன்னும் வேகமாகக் கேட்பது சரியில்லை. ஒரு கேள்விக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒன்றிரண்டு விநாடி விடுங்கள். கடையின் நிபந்தனைகளில் தானியங்கி வாசிப்பைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்பதையும் தொடங்க முதலே வாசியுங்கள்.

சரி, பட்டியல் வடிவாக வந்துவிட்டது என்று வைப்போம். பெரிய பிழை இதற்குப் பிறகுதான், எண்ணுவதில். ‘அனிமல் குரொசிங்: நியூ லீஃப்’ என்ற ஒரு கேமை எடுங்கள். கடையில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு அடையாள எண் உண்டு. அமெரிக்கப் பதிப்பின் எண் 0004000000086300, ஐரோப்பியப் பதிப்பு 0004000000086400, ஜப்பான் பதிப்பு 0004000000086200. ஜப்பானில் 2012 நவம்பர் 8 இல் வந்தது, அமெரிக்காவில் 2013 ஜூன் 9, ஐரோப்பாவில் ஜூன் 14. ஜப்பானில் பெயரே வேறு, ‘டோபிடாசே டோபுட்சு நோ மோரி’. எண்ணை வைத்து எண்ணினால் மூன்று கேம், பெயரை வைத்து எண்ணினால் இரண்டு, விளையாடுகிற பிள்ளைக்கோ ஒன்று. ஆண்டுவாரியாகப் படம் வரைந்தால் ஒரே கேம் 2012 இலும் நிற்கும், 2013 இலும் நிற்கும். பிறகு 2016 இல் ‘வெல்கம் அமீபோ’ என்று ஒரு மறுபதிப்பு வேறு எண்ணோடு வந்தது, அதைப் புதுக் கேம் என்று எடுப்பதா பழையது என்று எடுப்பதா?

இதற்கு ஸ்கிரிப்ட் பதில் சொல்லாது. எந்தக் கேள்விக்காக எண்ணுகிறீர்கள் என்று நீங்கள்தான் முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். பிரிட்டன் கடையில் ஒருவர் வாங்கக்கூடியவை எத்தனை என்பது கேள்வியென்றால் ஒரு கடையை மட்டும் எடுங்கள், மற்றவற்றைக் கலக்க வேண்டாம். டெமோக்களையும் கழியுங்கள். 3டிஎஸ் எண்களில் முதல் எட்டு இலக்கம் 00040000 என்றால் முழுக் கேம் அல்லது செயலி, 00040002 என்றால் டெமோ. மேலதிகப் பகுதிகள், கேமின் திருத்தப் பதிப்புகள் எல்லாவற்றுக்கும் வேறு முன்னெண் இருக்கிறது. இதைப் பார்க்காமல் ‘கடையில் இத்தனை கேம்’ என்று சொல்லுகிற எண்ணை நான் நம்புவதில்லை.

அந்த எண்களை எக்செலில் திறந்தால் இன்னொரு பள்ளம். 0004000000086300 என்பது முழுக்க இலக்கமாக இருப்பதால், எக்செல் அதைத் தொகை என்று எடுத்து முன்னால் உள்ள மூன்று சைபரையும் தூக்கிவிடும். எழுத்துக் கலந்த எண்கள் அநேகமாக அப்படியே இருக்கும், இது 4000000086300 ஆகிவிடும், பிறகு இரண்டு பட்டியலை ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது. வாசிக்கும்போதே அந்த எண்கள் நிற்கிற நிரலை (அட்டவணையின் செங்குத்து வரிசையை) எழுத்தாக வாசி என்று சொல்லிவிடுங்கள்.

பெயர்களிலும் இதே கதை, ஆனால் தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். ‘கொ’ என்று திரையில் தெரிவதை, கணினி எழுத்துகளைச் சேமிக்கிற முறையான யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரித்து. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. போக்கிமொன் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது தலையில் கோடு போட்ட எழுத்து வருகிறதே, அதுவும் அப்படித்தான். ஜப்பான் பட்டியலில் அகலமான ஆங்கில எழுத்துகள் வேறு வரும். ஒப்பிட முதல் யுனிகோட் சீராக்கத்தை (இப்படி வேறு விதமாகச் சேமித்தவற்றை ஒரே விதமாக்குவதை) ஒரு தரம் ஓட்டிவிடுங்கள், பைதனில் அதற்கு ஒரு வரி போதும்.

திகதியைப் பொறுத்தவரை, பட்டியலில் இருப்பது அநேகமாகக் கடைக்கு வந்த நாள். ‘சூப்பர் மாரியோ லாண்ட்’ 1989 இல் வந்த கேம்போய் கேம், 3டிஎஸ் கடையில் அது 2011 ஜூனில் இருந்து இருந்தது. ‘2011 இல் என்ன மாதிரிக் கேம்கள் செய்தார்கள்’ என்று கேட்டால் அது பிழையான இடத்தில் வந்து நிற்கும்.

விலைதான் எங்களுக்கு ஆகக் கூடுதலாகச் சிக்கிய இடம், ஏனென்றால் எங்கள் கையில் இருப்பது ரூபா. பிரிட்டன் விலையில் வரி உள்ளே இருக்கும், அமெரிக்க விலையில் இருக்காது. இரண்டையும் டொலருக்கு மாற்றி ‘அமெரிக்கா மலிவு’ என்று சொல்லுவது சரியான ஒப்பீடு இல்லை. சில நாடுகளில் புள்ளிக்குப் பதில் கமா, 4,99 என்று வரும், கமாவை நீக்கினால் அது 499 ஆகிவிடும். விலை குறிப்பிடாத கேமையும் இலவசக் கேமையும் ஒரே சைபராகப் போட்டுச் சராசரி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சராசரிக்குப் பதில் சாதாரண தரத்தில் படித்த இடையத்தை எடுங்கள், ஒன்றிரண்டு விலை கூடியவை அதை இழுத்துக்கொண்டு போகாது.

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா சொச்சம், மே மாதம் 360 அளவில். மார்ச்சில் இறக்கிய பாதிப் பட்டியலை அன்றைய விலையிலும், மேயில் இறக்கிய மீதியை மேயின் விலையிலும் நான் மாற்றியதால், விலை மாறாத கேம்கள்கூட ஏறினதுபோல் படத்தில் தெரிந்தன. இப்போது கடை தந்த நாணயத்தை அப்படியே ஒரு நிரலில் வைக்கிறேன், ரூபாவுக்கு மாற்றுவது கடைசியில், எல்லாவற்றுக்கும் ஒரே நாளின் வீதத்தில். பைலின் பெயரிலும் நாட்டையும் இறக்கிய நாளையும் போடுகிறேன்: ‘பிரிட்டன்-2022-03-30’. அந்தக் கடையைத் திரும்பப் போய்ப் பார்க்க இனி வழியில்லை, அந்த பைலில் இருப்பது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.