மலையில் ஆடு தண்ணீர் குடிக்காதா?

கொடைக்கானல் மலையில் மன்னவனூர் பக்கம் புதிதாகச் செம்மறிப் பட்டி போட்ட தம்பி ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "அண்ணே, குட்டியெல்லாம் கத்திக்கிட்டே இருக்கு, வயித்துப் பூச்சி மருந்தும் குடுத்துப் பார்த்துட்டேன்." எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் பூச்சி மருந்தைத்தான் கொடுத்தேன். சீம்பால், தொப்புளுக்கு டிஞ்சர் எல்லாம் ஊரே சொல்லித் தரும், அவற்றை விட்டுவிட்டு, மலையில் குட்டி வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர்

"குளிர் ஊர்தானே, ஆடு தண்ணி குடிக்காது" என்பார்கள். மழைக்காலத்தில் அது ஓரளவு சரி. பசும்புல்லில் முக்கால் பங்கு தண்ணீர். மேய்ந்தே தாகம் தீர்ந்துவிடும். மார்ச்சில் அதே ஆடு தின்பது காய்ந்த சருகு. அதில் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருந்தாலே அதிகம். நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பதால் அதற்குத் தாகம் இல்லை என்று ஆகிவிடுமா?

பால் கொடுக்கும் ஆட்டுக்கு அப்போது நாளுக்கு ஏழெட்டு லிட்டராவது வேண்டும். நான் பதினோரு தாய்களுக்கு இரண்டு வாளி வைத்தேன். அதுவும் விடியற்காலையில், மேலே ஐஸ் படிந்த தண்ணீர். இரண்டு வாய் குடித்துவிட்டு நகர்ந்துவிடும். போதும் போலிருக்கிறது என்று மிச்சத்தைக் கொட்டிவிடுவேன்.

பால் வற்றியது, குட்டி கத்தியது. பூச்சி மருந்து, கால்சியம் டானிக், அப்புறம் பசும்பால். செம்மறிப் பாலில் கொழுப்பு 7 சதவீதம் அளவுக்கு இருக்கும், பசும்பாலில் 4. வேளைக்குக் குடித்தும் குட்டிகள் இளைத்தன. நான்கு செத்த பிறகுதான் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் குட்டிகளைத் தொடவே இல்லை. பாரத் மெரினோ என்ற கம்பளி இனக் கலப்பு, கம்பளிக்குள் மெலிவு தெரியாது. தாயின் கண்ணிமைத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்றது, உடம்பில் தண்ணீர் வற்றியதற்கு அடையாளம். "தொட்டி எங்கே?" என்றார். காட்ட என்னிடம் தொட்டியே இல்லை.

இப்போது வெயில் ஏறிய பிறகு ஒருமுறை, மாலை பட்டிக்குத் திரும்பியதும் ஒருமுறை வைக்கிறேன். குட்டிகளுக்குத் தனியாகத் தாழ்ந்த சட்டி. பால் குடிக்கும் குட்டிக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்பவர்கள், இரண்டு வாரக் குட்டி வந்து அதை நக்குவதைப் பார்க்கட்டும். ஆழமான டிரம் மட்டும் வேண்டாம், விழுந்துவிடும்.

பரிதாபப்பட்டுச் சோறு போடுவது

வேண்டாம். கல்யாண வீட்டு மீதியும்தான். வயிறு புளித்துத் தாயே படுத்துவிடும்.

பகல் வெயிலை நம்புவது

பிப்ரவரி இரவில் உறைபனி. தரையில் சருகு பரப்புங்கள்.

முதல் கோடைமழை

மழை விழுந்து புல் துளிர்த்ததும், காய்ந்து கிடந்த மந்தையை நாள் முழுக்க அதில் விட்டுவிடுவார்கள். துள்ளுமாரி (குடலில் நச்சு பெருகும் நோய்) வந்தால் கொழுத்த குட்டிதான் முதலில் போகும். மாலையில் துள்ளியது காலையில் விறைத்துக் கிடக்கும். தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். துளிர்ப் புல்லை முதல் வாரம் ஒரு மணி நேரம் மேயவிட்டால் போதும். தம்பியிடம் இதையும் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் போனை எங்கோ வைத்துவிட்டு வாளி தேடப் போய்விட்டார். வாளி உருளும் சத்தம்தான் கேட்டது.