ஸ்டெப்னி மாற்றுவது எப்படி: நட்டைக் கழற்றியும் சக்கரம் வரவில்லை என்றால்?

போன மே மாதம் சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தோம். உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் இடது பின் சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, மாற்றவும் தெரியும். ஆனாலும் கைக்குழந்தையோடு முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்கும்படி ஆனது. ஒரே ஒரு இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நிறுத்துவது

பஞ்சர் என்று தெரிந்ததும் சடாரென்று பிரேக் போடாதீர்கள். மெதுவாக ஓரம் கட்டி, சமதளமான இடத்தில் நிறுத்துங்கள். ஹசார்ட் லைட், ஹேண்ட் பிரேக், முதல் கியர் (ஆட்டோமேட்டிக் என்றால் P). எல்லோரும் இறங்கி, சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்கட்டும். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்கு ஐம்பது மீட்டராவது பின்னால் வையுங்கள். மாற்றும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு ஒரு கல் அண்டை கொடுங்கள்.

நட்டைத் தளர்த்துவது

ஜாக்கி போடும் முன்பே, சக்கரம் தரையில் அழுந்தி இருக்கும்போதே, ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டியும் ஜாக்கியிலிருந்து நழுவலாம்.

வண்டியோடு வரும் 'எல்' ஸ்பேனர் எனக்குப் பிடிக்காது. கைப்பிடி குட்டை. டயர் கடையில் மெஷின் வைத்து முடுக்கிய நட்டு அதற்கு அசைவதே இல்லை. ப்ளஸ் ஸ்பேனர் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள். மாருதிக்குப் பெரும்பாலும் 19 மி.மீ., ஹூண்டாய்க்கு 21 மி.மீ. உங்கள் நட்டில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

ஜாக்கி

முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவுக்கு அடியில் ஓடும் தகட்டு விளிம்பில் இரண்டு சிறு வெட்டுகள் இருக்கும். கையால் தடவினாலே தெரியும். ஜாக்கியின் தலை அந்த இரண்டு வெட்டுகளுக்கும் நடுவில்தான் உட்கார வேண்டும். வேறு எங்கே வைத்தாலும் தகடு நசுங்கும். மண்தரை என்றால் அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். அப்புறம், ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும்.

சக்கரம் வராவிட்டால்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நான்கு நட்டும் கையில் இருந்தன, சக்கரம் மட்டும் அசையவில்லை. சக்கரத்தின் நடு ஓட்டை ஹப்பின்மேல் (சக்கரம் மாட்டும் நடு வட்டப் பகுதி) இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். மழைத் தண்ணீர் இறங்கி அங்கே துரு ஏறினால் இரண்டும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். நான் இழுத்தேன், காலால் உதைத்தேன். ஜாக்கியில் நிற்கும் வண்டியை உதைப்பது ஆபத்து, நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

நிறுத்திப் பார்த்த லாரி ஓட்டுநர் ஒருவர்தான் வழி சொன்னார்: "நட்டை மறுபடி போடுங்க தம்பி. ரெண்டு மரை லூஸா விட்டுட்டு வண்டியை இறக்குங்க."

நான்கு நட்டையும் போட்டு, முழுதாக முடுக்காமல் விட்டு, ஜாக்கியை இறக்கினேன். கல்லை எடுத்துவிட்டு, வண்டியை ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே மெல்ல நகர்த்தி பிரேக்கைத் தொட்டேன். 'டக்' என்று ஒரு சத்தம். வண்டியின் எடையே துருவை உடைத்துவிட்டது. மறுபடி கல் வைத்து, ஜாக்கி ஏற்றியதும் சக்கரம் கையோடு வந்தது. ஹப்பைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் ஒரு வளையம், தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான்கு ஹப்பையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நடுப்பகுதியில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவினேன். நட்டு ஏறும் மரையிலோ பிரேக் டிஸ்க்கிலோ கிரீஸ் படவே கூடாது.

மாட்டுவது

வண்டிக்கு அடியில் கிடக்கும் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, பஞ்சரான சக்கரத்தை அங்கே தள்ளுங்கள். நட்டுகளை முதலில் கையாலேயே ஏற்றுங்கள். வண்டியை இறக்கிய பிறகு எதிரெதிராக முடுக்குங்கள். ஸ்பேனரின் மேல் ஏறி மிதிக்க வேண்டாம். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நிறுத்தி மறுபடி முடுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி மற்ற சக்கரங்களைவிடச் சிறியதாக இருந்தால், பெரும்பாலும் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. அந்த வேக வரம்பு ஸ்டெப்னியின் மேலேயே எழுதியிருக்கும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், ஒரு நட்டு மட்டும் வேறு வடிவத்தில் இருக்கிறது, ஸ்பேனர் பிடிக்கவில்லை என்றார். அது திருட்டுக்கு எதிரான லாக் நட்டு. அதற்கான சாவித்துண்டு டாஷ்போர்டு அறையிலோ ஜாக்கிப் பையிலோ இருக்கும். பழைய வண்டி வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொருவரின் புது வண்டியில் ஸ்டெப்னியே இல்லை. ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் வசதி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதி மாறியது. அந்தக் கிட் டயரின் தரையில் படும் பகுதியில் ஆன சிறு துளைக்கு மட்டும்தான் உதவும். பக்கவாட்டில் கிழிந்தால் வண்டியைத் தூக்கித்தான் போக வேண்டும்.

இரவில் தனியாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். கதவைப் பூட்டிக்கொண்டு உட்காராதீர்கள் அம்மா, பின்னால் வரும் லாரிக்கு நிற்கும் வண்டி தெரியாமல் போகலாம். இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழையுங்கள். பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் இடம் உடனே புரியும்.