திருத்திய பழைய பேஸ் கிற்றாருக்கு விலை போடுவது எப்படி

வன்னியில் ஒரு பழைய பேஸ் கிற்றாருக்கு இரண்டு விலை உண்டு. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கோயில் திருவிழா மேடையில் வாசிக்கிற இசைக்குழுவும், தேவாலயப் பாடகர் குழுவும் தரக்கூடியது ஒரு விலை. சுருதி நிற்கிறதா, இரையாமல் சத்தம் வருகிறதா என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் சேகரிப்பாளர் தருவது மற்ற விலை. அவருக்குப் பழைய பெயின்றும் பழைய சொல்டரும் கலையாமல் இருக்கவேண்டும். முதல் விலையை ஏற்றுகிற திருத்தம் இரண்டாவதை இறக்கிவிடும். ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்து, எது கூட வருகிறதோ அந்தப் பக்கம் விற்கவேண்டும். கலந்து பேசினால் இரண்டு பக்கத்து ஆளும் எழும்பிப் போய்விடுவார்.

திருத்தக் கூலியை விலையில் கூட்டுவதுதான் அதிகம் நடக்கிற பிழை. 35,000 ரூபாய் கொடுத்துத் திருத்தினேன் என்பது உங்கள் செலவு. வாங்குபவருக்கு அதில் பங்கில்லை. உடைந்தபடி விற்றால் என்ன வரும், திருத்திய பின் என்ன வரும் என்ற வித்தியாசம் கூலியைவிடக் குறைவாக இருந்தால், திருத்தாமலே விற்றிருக்கலாம்.

முதலில் அது என்ன, எந்த வருடம்

உறவினர் ரொறன்ரோவிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ கொண்டுவந்த கிற்றாரில் தலையில் எழுதியிருக்கும் பெயரை அப்படியே நம்பக்கூடாது. ஸ்ரிக்கர் எங்கும் கிடைக்கும். அமெரிக்கக் கம்பனியான பென்டரின் பிறிசிஷன் பேஸ் 1951இலும் ஜாஸ் பேஸ் 1960இலும் வந்தவை. பென்டரில் 1976 வரை தொடர் இலக்கம் பெரும்பாலும் உடலின் பின்பக்கத் தகட்டில் இருக்கும். நாலு ஸ்குறூ கழற்றினால் அந்தத் தகட்டை மாற்றிவிடலாம் என்பதால் அது மட்டும் சாட்சியாகாது. நெக் எனும் கழுத்துப் பகுதி உடலோடு சேரும் அடிப்பக்கத்திலுள்ள முத்திரையையும் வொலியூம் கொன்ரோலின் முதுகிலுள்ள இலக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1377633 என்று இருந்தால் 137 என்பது கொன்ரோலைச் செய்த சி.ரி.எஸ். கம்பனி, 76 வருடம், 33 வாரம். கிற்றார் அந்த வாரத்துக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்று மட்டுமே அது சொல்லும். பென்டர் 1966இல் கொன்ரோல்களை மொத்தமாக வாங்கிக் குவித்ததால், அதற்குப் பிந்திய கிற்றார்களிலும் 66 என்ற இலக்கம் வரும்.

இங்கே கைக்கு வருவது பெரும்பாலும் ஜப்பான் பேஸ்தான். 1975இலிருந்து 1980களின் நடுப்பகுதி வரையான ஐபனீஸ் என்ற ஜப்பான் கம்பனியின் கிற்றாரில் தொடர் இலக்கத்தின் முதல் ஆங்கில எழுத்து மாதத்தைக் குறிக்கும்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கங்கள் வருடம். தொடர் இலக்கம் ஜே.வி. என்று தொடங்கும் ஜப்பான் பென்டரும், பென்டரின் மலிவுப் பெயரான ஸ்குவையரும் 1982க்கும் 1984க்கும் இடைப்பட்டவை. வெளிநாட்டில் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

திரும்பப் பெயின்ற் அடித்ததா என்று அறிய, கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்குப் போதும். இருட்டறையில் பிடித்தால் பழைய கிற்றார்களில் பூசிய நைற்றோசெலுலோஸ் (நைற்றோ) வாணிஷ் வயதானால் பச்சை கலந்த மஞ்சளாக மினுங்கும். பின்னர் பூசிய இடம் வேறு நிறத்தில் திட்டாகத் தெரியும். கராஜில் கார்ப் பெயின்ற் அடித்தது முழு உடலிலும் ஒரே சீராக இருக்கும். கண்ணுக்கு அழகு, விலைக்கு நட்டம்.

திருத்தம் தாங்குமா

தலை உடைந்து ஒட்டிய நெக்தான் இங்கே பெரிய ஆபத்து. தச்சு வேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசை, ஓயாத இழுவையிலும் தகரக் கூரைச் சூட்டிலும் மெல்ல மெல்ல நழுவும். நாலு தந்தியும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ இழுக்கின்றன. 45 முதல் 105 வரையான (அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் தடிப்பு) புதுத் தந்தி போட்டு, சரியான சுருதிக்கு ஏற்றி, இரண்டு நாள் மத்தியானச் சூடுள்ள அறையில் வையுங்கள். வைக்க முன்னும் பின்னும் ஒரு அளவு எடுக்கவேண்டும். விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃபிறெட். தடித்த தந்தியை முதலாம் ஃபிறெட்டிலும் கடைசி ஃபிறெட்டிலும் அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃபிறெட்டில் தந்திக்கும் ஃபிறெட்டுக்கும் இடைவெளி பாருங்கள். மோட்டார் சைக்கிள் வால்வு பார்க்கும் ஃபீலர் கேஜ் இதற்குக் கச்சிதம். 0.3 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது. இரண்டு நாளில் அது கூடி, ஒட்டிய கோட்டில் நகம் தடக்கினால் ஒட்டு விடுகிறது. அதை விற்கக்கூடாது.

நெக்கை நேராக வைத்திருக்க அதற்குள் ஓடும் இரும்புக் கம்பியின் திருகு நட்டைத் தந்தியைத் தளர்த்திவிட்டுக் கால் சுற்று அசைத்துப் பாருங்கள். இறுக்கி முடிந்தும் நெக் வளைந்தே நின்றால் விலையில் கால்பங்கு போய்விடும்.

தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பிக்-அப்பைக் கழற்றாமலே அளக்கலாம். கேபிளைச் செருகி, வொலியூமை முழுக்கத் திறந்து, மல்ரிமீற்றரின் முனைகளைப் பிளக்கின் நுனியிலும் உடம்பிலும் வையுங்கள். பிறிசிஷன் 10, 12 கிலோ ஓம் காட்டும். ஜாஸில் மற்ற வொலியூமை மூடிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தால் 7, 8 வரும். நூற்றுக்கு மேலே போனால் சுருள் அறுந்திருக்கிறது, மீற்றர் காட்டுவது கொன்ரோலின் தடையைத்தான். பட்டரி போடுகிற அக்டிவ் பேஸுக்கு இந்த முறை சரிவராது.

இரைச்சலை வைத்து அவசரமாக முடிவு கட்டவேண்டாம். எர்த் இல்லாத வீட்டு மின்சாரத்தில் எந்தப் பேஸும் இரையும். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் வழமைதான். தொட்டதும் கூடினால் கேபிள் செருகும் ஜக்கில் வயர் மாறிச் சொல்டர் பிடித்திருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை, விலை குறைக்கத் தேவையில்லை.

சோழகக் காற்றுக் காலத்தில் மரம் காய்ந்து சுருங்கி, ஃபிறெட் முனைகள் ஓரத்தில் கையைக் கீறும். மாரியில் அது மறைந்துவிடும். மாரியில் வாங்குகிறவர் இதைக் கேட்டறியவேண்டும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருந்த கிற்றாராகில் உடலில் தந்திகளைத் தாங்கும் பிறிட்ஜின் ஸ்குறூக்கள் திரும்புகின்றனவா என்று பாருங்கள். உப்புக்காற்றில் இறுகிப்போனவை பலவந்தப்படுத்தினால் முறியும்.

கழிக்கும் கணக்கு

சேகரிப்பாளர் விலைக்கு, அதே வகை, அதே வருடம், ஒன்றும் மாற்றாத கிற்றார் உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று ஈபேயிலும், இசைக்கருவி விற்கும் றிவேர்ப் இணையத்தளத்திலும் பாருங்கள். கேட்கிற விலை அல்ல, விற்று முடிந்த விலை. அதிலிருந்து கழிக்கவேண்டும். கீழே வருபவை பேரத்துக்கான எண்கள், சட்டம் அல்ல.

முழுதாகத் திரும்பப் பெயின்ற் அடித்ததற்கு 50 சதவீதம். தலை உடைந்து ஒட்டியதற்கு 30 முதல் 50. உடலில் புதிதாகக் குடைந்த குழிக்கு 20 முதல் 30. பிக்-அப்பைத் திரும்பச் சுற்றியதற்கு 10 முதல் 15, பழையதே இல்லையென்றால் 20. ரியூனிங் கீக்குப் புதுத் துளை போட்டிருந்தால் 5 முதல் 10. கொன்ரோல் மாற்றியதற்கு 5. ஒழுங்காகச் செய்த புது ஃபிறெட்டுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. தலையடியில் தந்திகளைத் தாங்கும் நட்டை மாட்டெலும்பில் செய்திருந்தாலும் அப்படியே. விரற்பலகையை முதிரையிலோ கருங்காலியிலோ புதிதாகச் செய்து ஒட்டியிருந்தால், வேலை எவ்வளவு நேர்த்தி என்றாலும் சேகரிப்பாளரை மறந்துவிட்டு உள்ளூரில் விற்பதே உத்தமம்.

சதவீதங்களைக் கூட்டிக் கழிக்கக்கூடாது, ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கவேண்டும். 2 இலட்சம் ரூபாய்க் கிற்றாருக்குத் திரும்பப் பெயின்றும், சுற்றிய பிக்-அப்பும், மாற்றிய கொன்ரோலும் என்றால்: பாதி 1,00,000. அதில் 15 சதவீதம் போக 85,000. அதில் 5 போக 80,750. மூன்றையும் கூட்டி 70 சதவீதம் என்று கழித்தால் 60,000 வரும். 20,750 ரூபாயைச் சும்மா விட்டுக்கொடுத்த மாதிரி. வெளிநாட்டுக்கு அனுப்புவதாயின் பெட்டி, கூலி, தளத்தின் கழிவு எல்லாம் இதிலிருந்தே போகும். 1960களின் நடுப்பகுதிக்கு முந்திய கிற்றாரில் பிரேசில் ஈட்டிமர விரற்பலகை இருக்கலாம். அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இருப்பதால் அனுமதிப் பத்திரமின்றி எல்லை கடக்க முடியாது.

உள்ளூர் விலைக்கு வயதே பொருட்டில்லை. அதே வேலை செய்யக்கூடிய புதுப் பேஸ் கடையில் என்ன விலை என்று கேளுங்கள். நன்றாக வாசிக்கக்கூடிய பழையதுக்கு அதில் 50 முதல் 70 சதவீதம் நியாயம். புதியது 1,20,000 என்றால் 60,000 முதல் 84,000. தேய்ந்த தந்தியோடு விற்றால் புதுத் தொகுதியின் விலையைக் கழித்துவிடுங்கள். கறையான் அரித்த அடையாளம் எங்கேனும் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, பாகங்களாக விற்கவேண்டியதுதான். மேற்சொன்ன கிற்றார் உள்ளூரில் 80,000க்குப் போகுமென்றால், 80,750க்கு வெளிநாட்டுக்கு அனுப்பி அலைவதில் அர்த்தமில்லை.

என்ன திருத்தியது, என்ன பசை, எந்தப் பாகம் புதியது என்று ஒரு தாளில் எழுதி, திருத்துமுன் எடுத்த படத்தோடு கொடுங்கள். கழற்றிய பழைய கொன்ரோல், கீ, அறுந்த பிக்-அப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கிற்றாரோடு சேர்த்தே விலை பேசுங்கள். பழையவை கையிலிருந்தால் கொன்ரோலுக்கான அந்த 5 சதவீதத்தைக் கழிக்கத் தேவையில்லை.