கறி ரப்பரா வந்தா மசாலாவ திட்டாதீங்க, வெட்டுறதுக்கு முன்னாடி நடக்குற தப்ப பாருங்க

கெடா வெட்டுக்கோ பக்ரீத்துக்கோ ஆடு வாங்குறவங்க எடையப் பாக்குறாங்க, பல்லப் பாக்குறாங்க, ஆனா கடைசி ஒரு நாள் அத எப்படி வெச்சுக்கணும்னு பெருசா யோசிக்கிறதில்ல. சென்னை புளியந்தோப்புல ஆடு வெட்டுற ஆட்டுத்தொட்டியா இருந்தாலும் சரி, வீட்டு வாசலா இருந்தாலும் சரி, கறி பாதி அங்கயே முடிவாயிடுது.

சதையில கிளைகோஜன்னு ஒரு சர்க்கரை சேந்திருக்கும். வெட்டுனப்புறம் அது லாக்டிக் ஆசிடா மாறி, 7 பக்கம் இருந்த பிஹெச்ச (புளிப்ப காட்டுற அளவு, எண் கொறைஞ்சா புளிப்பு அதிகம்) ஒரு நாளுக்குள்ள 5.5 கிட்ட எறக்கும், அப்பதான் கிருமி வேகமா வளராது, கறியும் நல்ல சிவப்பா இருக்கும். ஆடு ராத்திரி பூரா லாரில நின்னு, பட்டினி கெடந்து, முன்ன பின்ன தெரியாத ஆடுங்களோட முட்டிக்கிட்டு வந்துச்சுன்னா அந்த சர்க்கரை முன்னாடியே காலி, பிஹெச் 6க்கு மேலயே நின்னுடும், கறி கருத்து காஞ்சு போய் வெரல்ல ஒட்டும், ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் சீக்கிரம் நாறிடும். இதப் பாத்துட்டு கெழட்டு ஆட்ட தலைல கட்டிட்டான்னு கறிக்கடை பாய்கிட்ட சண்டைக்கு போறவங்க உண்டு, ஆடு இளசாவே இருந்திருக்கும்.

அதனால லாரில இருந்து எறக்குன கையோட கத்திய எடுக்காதீங்க. நெழல்ல கட்டி ஒரு ராத்திரியாவது விடுங்க. வயிறு முட்ட தீனி வேணாம், வெட்டும்போது குடல் கிழிஞ்சா கறி நாசம், ஆனா தீனிய நிறுத்துறேன்னு தண்ணியையும் சேத்து நிறுத்துறாங்க பாருங்க, அது மகா தப்பு, தோல் உரிக்கிறதே கஷ்டமாயிடும். முதுகு முடிய புடிச்சு தூக்குறது, தொடைல குச்சியால அடிக்கிறது இதெல்லாம் உரிச்சா ரத்தக்கட்டா தெரியும், அத்தனையும் வெட்டி வீசணும், மட்டன் விக்கிற விலைக்கு இது தேவையா? ஒரு ஆட்டு முன்னாடி இன்னொன்ன வெட்டக்கூடாதுன்னு 2001 மத்திய அரசு விதியிலயே இருக்கு, தெருவோர கடைல யார் கேக்குறா.

கோழிக்கும் பன்னிக்கும் வேற மாதிரி. கடைசி நேரத்துல மெரண்டா, உடம்பு சூடு ஆறுறதுக்குள்ளயே ஆசிட் மளமளன்னு ஏறி, கறி வெளுத்து தொளதொளன்னு தண்ணி விடும். கோழிக்கு வேர்க்காது, வாயத் தொறந்து எளைச்சுதான் சூட்ட தணிச்சுக்கும், அத போய் மே மாச வெயில்ல பைக் ஹேண்டில்ல தலைகீழா தொங்கவிட்டு கொண்டு வராங்க. கூண்டுல இருக்குறது எல்லாம் வாயப் பொளந்துட்டு நின்னா அன்னைக்கு அந்தக் கடைல வாங்காதீங்க, மறுநாள் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க.