சிரிஞ்ச் பம்பில் விசையைச் சரியாக அளப்பது எப்படி? லோட் செல் பூட்டுவதிலிருந்து உராய்வைக் கழிப்பது வரை

சிரிஞ்சை மோட்டரால் மெல்ல மெல்லத் தள்ளி மருந்து செலுத்தும் கருவிதான் சிரிஞ்ச் பம்ப். அதைச் செய்து பார்க்கிற பிள்ளைகள், ஓட்ட வீதம் சரியாக வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மோட்டர் சுற்றுகிறது, பிளஞ்சர் (சிரிஞ்சின் தள்ளுதண்டு) நகர்கிறது, அளவுச்சாடியில் மணிக்கு 5 மில்லிலீற்றர் விழுகிறது. சரி, குழாய் எங்காவது மடிந்து அடைபட்டால்? மோட்டருக்கு அது தெரியாது. அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே அமுக்கம் ஏறும், நோயாளிக்கு மருந்து போகாது. பிறகு யாராவது மடிப்பை நிமிர்த்தினால், குழாயில் தேங்கியிருந்த மருந்து ஒரேயடியாக உள்ளே பாயும். இதனால்தான் வைத்தியசாலைப் பம்புகளில் பிளஞ்சரைத் தள்ளும் இடத்தில் ஒரு விசை உணரி இருக்கிறது. விசை ஓர் எல்லையைத் தாண்டினால் அலாரம் அடிக்கும். எல்லையைக் கூட்டி வைத்தால் அலாரம் பிந்தும். குறைத்து வைத்தால் காரணமில்லாமல் அடித்து அடித்து, தாதியர் அதைக் காதில் வாங்காமல் விடும் நிலை வரும்.

கல்முனையில் என் மேசையில் பயிற்சிக்கென்று கட்டி வைத்திருக்கும் பம்பை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இது படிப்பதற்கான கருவி. மனிதருக்கோ விலங்குக்கோ இணைக்கவே கூடாது. வைத்தியசாலையில் ஓடும் பம்பைத் திறந்து இந்த முறையில் "திருத்தவும்" வேண்டாம். அதற்கு உற்பத்தியாளரின் சேவைக் கையேடும் உயிரியல் மருத்துவப் பொறியியல் பிரிவும் இருக்கின்றன.

ஆர்டுயினோவில் நிரல் ஏற்றுவது, ஸ்டெப்பர் மோட்டரை ஓட்டுவது எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். நேரே விசைக்குப் போவோம்.

1. எந்த லோட் செல்?

லோட் செல் என்பது பாரம் பட்டு வளையும் அளவை மின் சமிக்ஞையாக மாற்றும் விசை உணரி. முதலில் ஒரு சின்னக் கணக்கு. 50 மில்லிலீற்றர் சிரிஞ்சின் உள்விட்டம் பல பிராண்டுகளில் ஏறத்தாழ 26.7 மில்லிமீற்றர். குறுக்குவெட்டுப் பரப்பு 560 சதுர மில்லிமீற்றர். உள்ளே 100 கிலோபாஸ்கல், அதாவது 750 மில்லிமீற்றர் இரசம், அமுக்கம் ஏறினால் பிளஞ்சரில் 56 நியூட்டன் விழும். படிக்கல் கணக்கில் சுமார் 5.7 கிலோ. ஆகவே 5 கிலோ லோட் செல் போதாது. 10 கிலோ வாங்குங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று 50 கிலோ வாங்கினால் சிறிய சிரிஞ்சில் வாசிப்பு இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும்.

இன்னொன்று: ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீற்றர் நகர்த்தும் லீட் ஸ்க்ரூவும் (மோட்டரின் சுற்றை நேர் நகர்வாக்கும் திருகுத் தண்டு) நேமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டரும் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேலேயே தள்ள முடியும். லோட் செல்லின் பின்னால், அது அளவுக்கு மீறி வளைவதைத் தடுக்க ஒரு முட்டு ஸ்க்ரூ வையுங்கள். இல்லாவிட்டால் முதல் அடைப்புச் சோதனையிலேயே செல் வளைந்துபோகும். பிறகு அது ஒருநாளும் பூச்சியத்துக்குத் திரும்பாது.

2. பூட்டுவது

செல் இருக்க வேண்டிய இடம் பிளஞ்சரைத் தொடும் கடைசி இடம். மோட்டருக்குப் பின்னால் வைத்தால் லீட் ஸ்க்ரூவின் உராய்வு, வழிகாட்டிக் கம்பிகளின் உராய்வு எல்லாம் உங்கள் வாசிப்பில் ஏறிவிடும்.

முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்ரிக் தாங்கி எனக்குப் பிடிக்காது. அடிக்கடி பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்ரிக் தொடர்ந்து பாரம் பட்டால் மெல்ல மெல்ல இளகும். எங்கள் ஊர் வெயிலில் இன்னும் கெதியாக. யன்னல் சட்டம் செய்யும் அலுமினியக் கடையில் தடித்த கோணத் துண்டுகள் கழிவாகவே கிடக்கும். அதில் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் துளை போடுங்கள். செல்லின் ஒரு முனை மட்டும்தான் தாங்கியில் இறுக வேண்டும். மறுமுனை அந்தரத்தில் நிற்கவேண்டும். இடையில் ஒரு வாசர் வைத்துத் தூக்கிவிடுங்கள், நடுப்பகுதி எதிலும் உரசக்கூடாது.

பிளஞ்சரின் தட்டு செல்லில் முழுதாகப் படிந்து தள்ளினால், கொஞ்சம் சரிவு இருந்தாலும் பக்க விசை வரும். சைக்கிள் அச்சில் போடும் இரும்புக் குண்டு ஒன்றைச் செல்லின் பாரம் ஏற்கும் துளையில் உட்காரவைத்து, அதன் மேல் ஒரு தட்டை மிதக்கவிட்டால் விசை ஒரே புள்ளியால் போகும். சரியாக வந்ததா என்று பார்க்க, பம்பை நிமிர்த்தி 1 கிலோ படிக்கல்லைத் தட்டின் நடுவிலும் பிறகு நான்கு விளிம்புகளிலும் வையுங்கள். ஐந்து வாசிப்பும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். 5 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பிளஞ்சரைக் கவ்விப் பிடிக்கும் நகங்கள் வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நகங்களின் ஸ்பிரிங் பிளஞ்சர் தட்டைச் செல்லின் மீதே அமுக்கினால், எதுவும் தள்ளாமலேயே வாசிப்பு வரும். அந்த வாசிப்பும் தட்டின் தடிப்புக்குத் தக்கபடி சிரிஞ்சுக்குச் சிரிஞ்ச் மாறும். பழகுகிறவர்கள் நகங்களைக் கழற்றிவிட்டே தொடங்குங்கள்.

3. மின்பகுதி

செல்லின் மிகச் சிறிய சமிக்ஞையைப் பெருக்கி எண்ணாக மாற்ற எச்எக்ஸ்711 போர்ட் போதும். 24 பிட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கடைசிச் சில பிட்டுகள் வெறும் இரைச்சல்தான். நல்ல விடயம் என்னவென்றால், செல்லுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையே அது அளவுகோலாகவும் எடுக்கிறது. மின்னழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்.

வினாடிக்கு 10, 80 என்று இரண்டு வேகம் உண்டு. 10இலேயே வையுங்கள். அந்த வேகத்தில் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலை அதுவே வடிகட்டிவிடும். மோட்டருக்குத் தனி மின்வழங்கி. செல்லின் நான்கு வயர்களையும் பிரெட்போர்டில் குத்தாமல் நேரே சொல்டர் பண்ணுங்கள். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் பிரெட்போர்டின் தொடுகைகள் சில மாதத்தில் கறுத்துவிடும். பிறகு வாசிப்பு ஏன் துள்ளுகிறது என்று தேடி மினக்கெட வேண்டியதுதான்.

4. படிக்கல் வைத்து அளவுத்திருத்தம்

சமையலறைத் தராசில் ஒரு போத்தல் தண்ணீரை நிறுத்து அதைப் படிக்கல்லாகப் பாவிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். பலசரக்குக் கடைக்காரரிடம் கேட்டால், அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை குத்திய படிக்கற்கள் இருக்கும். 1, 2, 5 கிலோ மூன்றும் ஒரு மத்தியானத்துக்கு இரவல் கிடைத்தால் 8 கிலோ வரை பார்த்துவிடலாம்.

பம்ப் கிடையாகத் தள்ளுகிறது. படிக்கல்லோ கீழ்நோக்கித்தான் இழுக்கும். கயிறும் கப்பியும் போட்டு விசையைத் திருப்பலாம் என்று தோன்றும். கப்பியின் உராய்வு உங்கள் அளவுத்திருத்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பம்பையே செங்குத்தாக நிறுத்துங்கள். தள்ளும் முகம் மேலே பார்க்கட்டும். தட்டின் மேல் படிக்கல்லை வைத்து வாசியுங்கள். ஏற்றும்போது 0, 1, 2, 3, 5, 6, 7, 8. இறக்கும்போது அதே எண்கள் தலைகீழாக. இரண்டு வரிசையும் ஒரே கோட்டில் விழுந்தால் பூட்டுதல் சரி. இறங்கும்போது வாசிப்பு விலகி நின்றால் எங்கோ ஒரு ஸ்க்ரூ வழுக்குகிறது.

இதிலிருந்து எடுக்கவேண்டியது கோட்டின் சாய்வு மட்டும்தான். பூச்சியத்தை எடுக்காதீர்கள். நிமிர்ந்து நிற்கும்போது தட்டின் சொந்த நிறையும் செல்லில் விழுகிறது. பம்பைப் படுக்கவைத்தால் அது விழாது. படுக்கவைத்து, சிரிஞ்ச் எதையும் தொடாத நிலையில் பூச்சியத்தைத் தனியாக எடுங்கள். ஒவ்வொரு முறை சிரிஞ்ச் மாற்றும்போதும் அப்படியே.

கிலோவை நியூட்டனாக மாற்ற என்ன எண் போடுவது? உயர்தரப் பரீட்சையில் 10 போட்டுப் பழகிய கை அப்படியே 10 போடும். பாடப்புத்தகத்தின் 9.81உம் எங்களுக்குக் கொஞ்சம் கூட. நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட, ஏழரைப் பாகை வடக்கில் இருக்கிறோம்; மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் புவியீர்ப்பு ஆர்முடுகல் சுமார் 9.78. வித்தியாசம் 0.3 சதவீதம்தான். கீழே வரப்போகும் உராய்வோடு பார்த்தால் இது தூசு. ஆனாலும் ஒரு சதமும் செலவில்லாமல் கிடைக்கும் திருத்தம் என்பதால் 9.78 போட்டுவிடுங்கள்.

5. உராய்வு: முழுச் சிக்கலும் இங்கேதான்

மேலே உள்ள எல்லாவற்றையும் செய்து முடித்தால் விசை சரியாக வரும். அமுக்கம் மட்டும் வராது. எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். செல்லைக் கூடிய விலைக்கு மாற்றினாலும் இது தீராது.

செல்லுக்குத் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை: திரவத்தின் அமுக்கம் ரப்பரைப் பின்னே தள்ளும் விசை, அதோடு பிளஞ்சர் நுனியின் ரப்பர், பரலின் (சிரிஞ்சின் குழாய் உடலின்) சுவரோடு உரசும் விசை. உராய்வு 5 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிலீற்றர் சிரிஞ்சில் அது 9 கிலோபாஸ்கல், சுமார் 67 மில்லிமீற்றர் இரசம். 10 மில்லிலீற்றர் சிரிஞ்சின் பரப்பு ஏறத்தாழ 165 சதுர மில்லிமீற்றர்தான். அதே 5 நியூட்டன் அங்கே 30 கிலோபாஸ்கல், 227 மில்லிமீற்றர் இரசம்! சிறிய சிரிஞ்சில் உராய்வும் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் உராய்வு விட்டத்தோடு குறைகிறது, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு குறைகிறது. பிழை எப்போதும் சிறிய சிரிஞ்சில்தான் பெரிதாகத் தெரியும்.

கழிப்பது இப்படி. சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, குழாய், ஊசி எதுவும் மாட்டாமல் வாயைத் திறந்துவிடுங்கள். நீங்கள் பாவிக்கப்போகும் அதே வேகத்தில் பம்பை ஓட்டுங்கள். அமுக்கம் கிட்டத்தட்ட இல்லை என்பதால் இப்போது வாசிப்பில் தெரிவது உராய்வு. தொடக்கத்தில் ஒரு முகடு தெரியும்; அது நின்ற ரப்பர் விடுபடும் விசை, அதை விட்டுவிடுங்கள். அதன் பிறகு வரும் சமநிலைப் பகுதியின் சராசரியே வேண்டும். சிரிஞ்ச் நிறைந்த இடம், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுங்கள். இனி அமுக்கம் = (அளந்த விசை − உராய்வு) ÷ பரப்பு.

இந்தக் கணக்கு பிளஞ்சர் முன்னோக்கி நகரும்போது மட்டும்தான் செல்லும். மோட்டரை நிறுத்தினால் ரப்பர் தளரும்; உராய்வு எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்ல முடியாது. நின்றபின் வரும் எண்ணை நம்பி ஒன்றையும் முடிவெடுக்காதீர்கள்.

பரப்பை எப்படி எடுப்பது? வேணியரை வாயில் விட்டு உள்விட்டம் அளக்க வேண்டாம். வாய்ப்பக்கம் பரல் கொஞ்சம் அகன்றோ ஒடுங்கியோ இருக்கும். பரலில் 10 கோட்டுக்கும் 50 கோட்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளவுங்கள். இடையில் உள்ளது 40 மில்லிலீற்றர், அதாவது 40,000 கன மில்லிமீற்றர். 71.4 மில்லிமீற்றர் வந்தால் 40,000 ÷ 71.4 = 560 சதுர மில்லிமீற்றர். பாமசியில் ஒவ்வொரு முறையும் வேறு பிராண்ட் தருவார்கள். பிராண்ட் மாறினால் பரப்பும் உராய்வும் இரண்டும் மாறும். ஒரே பெட்டியாக வாங்கி வையுங்கள். மின்பம்புக்கான சிரிஞ்சுகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 7886-2 என்று ஒரு நியமம் இருப்பது சும்மா இல்லை.

6. சரியா என்று பார்ப்பது

பழைய இரத்த அமுக்கமானியின் வட்ட முகப்பு ஒன்று கிடைத்தால் போதும். 300 மில்லிமீற்றர் இரசம் வரை காட்டும். அது 40 கிலோபாஸ்கல். மூவழித் திறப்பு ஒன்றால் அதைச் சிரிஞ்சோடு இணைத்து, மற்ற வழியை மூடிவிட்டு மெதுவாகத் தள்ளுங்கள். மானிக்குப் போகும் குழாயில் காற்று இருக்கட்டும், தண்ணீர் முகப்புக்குள் போகக்கூடாது. திருகிப் பூட்டும் வாயுள்ள சிரிஞ்சையே எடுங்கள். செருகும் வகை இந்த அமுக்கத்தில் கழன்று முகத்தில் தண்ணீர் அடிக்கும். 50, 100, 150, 200, 250இல் உங்கள் கணக்கையும் மானியையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் உராய்வுக் கழிவு பிழை. அமுக்கத்தோடு சேர்ந்து வளர்ந்தால் பரப்போ சாய்வோ பிழை. அமுக்கம் ஏற ஏற ரப்பர் சுவரோடு இன்னும் இறுகும் என்பதால் கொஞ்ச வளர்ச்சி எப்படியும் இருக்கும். பரிசோதித்த மானியைத் திரும்ப நோயாளிக்குப் பாவிக்க வேண்டாம்.

வாசிப்பை மென்மையாக்குவது பற்றி ஒரு சொல். லீட் ஸ்க்ரூவின் ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரி எடுத்தால் அதன் கோணலால் வரும் அலை மறையும் என்று பல இடத்தில் எழுதியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் 50 மில்லிலீற்றர் சிரிஞ்சில் மணிக்கு 5 மில்லிலீற்றர் என்றால் பிளஞ்சர் மணிக்கு 9 மில்லிமீற்றர்தான் நகரும். 2 மில்லிமீற்றர் ஸ்க்ரூ ஒரு சுற்றுச் சுற்ற 13 நிமிடம். அவ்வளவு நேரம் அலாரத்தைத் தூங்கவைக்க முடியுமா? நான் ஏழு வாசிப்புகளில் நடு எண்ணை எடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அலை குறையவேண்டும் என்றால் நேரான ஸ்க்ரூ வாங்குவதே வழி.

பின்சேர்க்கை 1: வந்தாறுமூலையில் படிக்கும் தம்பி ஒருவர், கணக்கில் அமுக்கம் மறைப் பெறுமானமாக வருகிறது என்று எழுதியிருந்தார். இரவு முழுக்கப் பூட்டி வைத்திருந்த சிரிஞ்சில் உராய்வை எடுத்திருக்கிறார். கன நேரம் நின்றால் ரப்பருக்கும் சுவருக்கும் இடையில் உள்ள சிலிக்கோன் எண்ணெய் பிதுங்கி வெளியேறும். ஒட்டிக்கொண்ட ரப்பர் முதல் கொஞ்சத் தூரம் கூடிய விசை கேட்கும். புதுச் சிரிஞ்சை ஓரிரு முறை முழுதாக இழுத்துத் தள்ளிவிட்டு உராய்வை எடுத்தால் சரியாகும்.

பின்சேர்க்கை 2: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர், காலையில் சரியாக இருக்கும் பூச்சியம் மத்தியானத்தில் நகர்ந்துவிடுகிறது என்றார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எனக்கும் அப்படித்தான். மின்சாரம் கொடுத்து 20 நிமிடம் கழித்தே பூச்சியம் எடுங்கள். மின்விசிறிக் காற்று செல்லில் நேரே படாமல் ஓர் அட்டைப் பெட்டியால் மூடுங்கள். அவருக்கு அதன் பிறகும் மிச்சமிருந்த நகர்வு வேறொன்றால் வந்தது: செல்லின் வயர், தள்ளும் கட்டையோடு சேர்ந்து இழுபட்டு, கட்டை முன்னே போகப் போக இறுகியிருக்கிறது. வயரை வளைவாகத் தொங்கவிட்டு, செல்லில் அல்லாமல் தள்ளும் கட்டையிலேயே கட்டியதும் நகர்வு நின்றுவிட்டது.